உங்க கணினியிலேயே ஒரு சர்வர்: முதல் வலைச் செயலியை நிறுவிப் பார்ப்போம்

வருமானச் சான்றிதழ், பட்டா நகல், மின் கட்டணம், குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு என்று பல வேலைகளை இன்று போனிலேயே முடித்துவிடுகிறோம். ஒரு படிவம் திறக்கிறது, விவரங்களைத் தட்டுகிறோம், 'சமர்ப்பி' என்பதை அழுத்துகிறோம், விண்ணப்ப எண் வந்துவிடுகிறது. ஆனால் நாம் தட்டிய விவரம் எங்கே போனது? யார் அதைப் படிக்க முடியும்? 'சர்வர் பிஸி' என்று வந்தால் உண்மையில் என்ன ஆகிறது? அரசு இணையதளம் போலவே ஒரு போலித் தளம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்ள நல்ல வழி, ஒரு சிறிய வலைச் செயலியை நம் கணினியிலேயே நிறுவிப் பார்ப்பதுதான். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. காசும் செலவாகாது. விண்டோஸ் உள்ள ஒரு லேப்டாப், கொஞ்சம் இணைய வசதி, இரண்டு மணி நேரம் பொறுமை இருந்தால் போதும். வாங்க, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: மென்பொருள்களின் பெயர்களையும் பொத்தான்களின் பெயர்களையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

சர்வர் என்றால் என்ன?

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் பெரிய பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். பெரிய சேவைகளுக்கு அது தேவைதான். ஆனால் சர்வர் என்பது அடிப்படையில் ஒரு வேலை. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பதுதான் அந்த வேலை. அதைச் செய்யும் மென்பொருள் எந்தக் கணினியில் ஓடுகிறதோ, அதுதான் சர்வர்.

உலகின் முதல் வலை சர்வரே ஒரு மேசைக் கணினிதான். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில், 1990-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் நெக்ஸ்ட் கணினியில் அதை இயக்கினார். யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாது என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்ற பொருளில் ஒரு சீட்டை அந்தக் கணினியில் ஒட்டியும் வைத்திருந்தார். அப்படியென்றால் உங்க லேப்டாப்பும் தாராளமாக சர்வர் ஆகலாம்.

ஒரு வலைச் செயலிக்குப் பொதுவாக மூன்று பேர் வேண்டும்:

1. வலை சர்வர்: பிரவுசர் கேட்பதை வாங்கி, பக்கத்தை அனுப்புவது. நாம் பயன்படுத்தப்போவது அப்பாச்சி.
2. நிரல் மொழி: கேட்டவருக்கு ஏற்றபடி பக்கத்தைத் தயார் செய்வது. இங்கே பிஎச்பி.
3. தரவுத்தளம்: விவரங்களை அட்டவணைகளாகச் சேமித்து வைப்பது. இங்கே மரியாடிபி.

தாலுகா அலுவலகத்தோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். மனு வாங்கும் கவுண்டர்தான் அப்பாச்சி. உள்ளே கோப்பைத் தயார் செய்யும் எழுத்தர் பிஎச்பி. பதிவேடுகள் அடுக்கிய அறை மரியாடிபி. நீங்கள் கவுண்டரைத்தான் பார்க்கிறீர்கள், பின்னால் இருவர் வேலை செய்கிறார்கள்.

படி 1: சாம்ப் நிறுவுதல்

இந்த மூன்றையும் தனித்தனியாக நிறுவுவது புதியவர்களுக்குச் சிரமம். அதனால் மூன்றையும் ஒரே பொட்டலமாகத் தரும் சாம்ப் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். எக்ஸ், ஏ, எம், பி, பி என்ற ஐந்து எழுத்துகள்தான் அதன் பெயர். எந்த இயங்குதளத்திலும் ஓடும் என்பதற்கு எக்ஸ். மற்றவை அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி, பெர்ல் ஆகியவற்றின் முதலெழுத்துகள்.

• அப்பாச்சி ஃபிரெண்ட்ஸ் என்ற அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள். அளவு சுமார் 150 எம்பி. தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்புகளைத் தொட வேண்டாம்.
• நிறுவும்போது அது காட்டும் இடத்தையே, அதாவது சி டிரைவில் 'சாம்ப்' ஃபோல்டரையே வைத்துக்கொள்ளுங்கள். 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே போட்டால் அனுமதிச் சிக்கல் வரும்.
• முடிந்ததும் சாம்ப் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, 'அப்பாச்சி' பக்கத்திலும் 'மைஎஸ்கியூஎல்' பக்கத்திலும் உள்ள 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்துங்கள். உள்ளே இருப்பது மரியாடிபி என்றாலும் பலகையில் பழைய பெயர்தான் இருக்கும்.
• விண்டோஸ் பாதுகாப்பு அனுமதி கேட்டால், 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 'பப்ளிக்' வேண்டாம்.

இரண்டு பெயர்களும் பச்சை நிறத்துக்கு மாறிவிட்டதா? இப்போ பிரவுசரின் முகவரிப் பட்டியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டுங்கள். சாம்பின் வரவேற்புப் பக்கம் வந்தால் சர்வர் ரெடி!

லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கணினி' என்று பொருள். அதன் எண் முகவரி 127.0.0.1. இந்த முகவரிக்குப் போகும் எதுவும் உங்க கணினியை விட்டு வெளியே போகாது. இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள், பக்கம் அப்படியே வரும்.

படி 2: தமிழில் ஒரு பக்கம்

நோட்பேடைத் திறந்து, 'வணக்கம், இது என் முதல் பக்கம்' என்று தமிழில் தட்டுங்கள். சேமிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

• இடம்: சாம்ப் ஃபோல்டருக்குள் 'எச்டிடாக்ஸ்' என்ற ஃபோல்டர். அப்பாச்சி இதிலிருந்துதான் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும்.
• வகை: 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். பெயரை ஆங்கில எழுத்துகளில் 'வணக்கம்' என்று தட்டி, கடைசியில் புள்ளி வைத்து 'எச்டிஎம்எல்' சேருங்கள். வகையை மாற்றாவிட்டால் நோட்பேடு தன் வழக்கமான 'டிஎக்ஸ்டி' வாலை ஒட்டிவிடும்.
• குறியாக்கம்: 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் தடுக்கி விழும் இடம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்வதுதான் குறியாக்கம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். 'நீ' என்ற ஒரே எழுத்தில் 'ந' ஒரு குறி, ஈகார விசிறி ஒரு குறி. ஆக மொத்தம் 6 பைட். இது யூடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து, ஐரோப்பிய எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த ஒரு குப்பையைக் காட்டும். பழைய தளங்களில் தமிழ் உடைந்து தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதனால் பழைய ஃபான்ட் முறைகள் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போ முகவரிப் பட்டியில் லோக்கல்ஹோஸ்ட், ஒரு சாய்கோடு, பிறகு கோப்பின் பெயர். உங்க தமிழ் வரி தெரிகிறதா? நல்லது.

படி 3: போனில் பார்ப்போம்

லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். வீட்டில் வைஃபை இல்லையென்றால், போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபையின் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்தால் 'ஐபிவி4 அட்ரஸ்' என்று ஓர் எண் இருக்கும். 192.168.1.5 போல இருக்கலாம். அதே இடத்தில் நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போ போன் பிரவுசரில் அந்த எண், சாய்கோடு, கோப்பின் பெயர். லேப்டாப்பில் இருக்கும் பக்கம் உங்க போனில் வந்துவிடும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் கவலை வேண்டாம். போனுக்கு ஏற்ற அகலத்தை நாம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொள்ளலாம். போனில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டினால் பக்கம் வராது. ஏனென்றால் போனுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் போனேதான். இரண்டாவது, முகவரிப் பட்டியில் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வரும். போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையே போகும் விவரம் பூட்டப்படாமல் போகிறது என்பதே அதன் பொருள். வீட்டுக்குள் சோதனைக்குப் பரவாயில்லை. ஆனால் பணமோ கடவுச்சொல்லோ கேட்கும் எந்தத் தளத்திலும் இந்த எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேறிவிடுங்கள்.

படி 4: தரவுத்தளமும் வேர்ட்பிரஸ்ஸும்

இப்போ உண்மையான ஒரு வலைச் செயலி. 2003-இல் வெளிவந்து, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுவோம். உங்க மகளிர் சுய உதவிக் குழுவின் பொருட்கள் பட்டியல், ஊர் நூலகத்தின் புத்தக விவரம், குடியிருப்போர் சங்க அறிவிப்புகள் என்று எதை வேண்டுமானாலும் இதில் செய்யலாம். ஒரு உதாரணத்துக்கு, குழுவின் கம்பு மாவு, மஞ்சள் தூள், பனங்கருப்பட்டி இவற்றின் பட்டியலை எடுத்துக்கொள்வோம்.

முதலில் பதிவேட்டு அறையில் ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும்.

1. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, 'பிஎச்பிமைஅட்மின்' என்று தட்டுங்கள்.
2. மேலே 'டேட்டாபேஸஸ்' என்பதை அழுத்தி, 'குழு' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயர் கொடுங்கள். இடைவெளி வேண்டாம்.
3. பக்கத்தில் உள்ள பட்டியலில் 'யூடிஎஃப்8எம்பி4' என்று தொடங்கி 'யூனிகோட் சிஐ' என்று முடிவதைத் தேர்ந்தெடுத்து, 'கிரியேட்' அழுத்துங்கள்.

ஏன் அந்த 'எம்பி4'? ஒரு குறிக்கு 4 பைட் வரை இடம் கொடுக்கும் முறை அது. வழக்கமான தமிழுக்கு 3 பைட் போதும்தான். ஆனால் இமோஜிகளுக்கு 4 வேண்டும். இன்னொன்றும் உண்டு: பழைய நில ஆவணங்களிலும் கணக்குகளிலும் வரும் தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 2019-இல் யூனிகோடில் தனித் தொகுப்பாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கும் 4 பைட் தேவை. பழைய 'லத்தீன்' வகையில் உருவான அட்டவணையில் சேமித்தால் உங்க தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிப் பதிவாகிவிடக்கூடும். அப்படிப் பதிவானதைத் திரும்ப எடுக்க முடியாது.

அடுத்து, வேர்ட்பிரஸ்.

1. வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஜிப் கோப்பைப் பதிவிறக்கி, பிரித்து, வரும் 'வேர்ட்பிரஸ்' ஃபோல்டரை அப்படியே எச்டிடாக்ஸ் உள்ளே வையுங்கள்.
2. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், சாய்கோடு, 'வேர்ட்பிரஸ்'. மொழிப் பட்டியல் வரும். தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாச் சொற்களும் தமிழில் இராது, சில ஆங்கிலத்திலேயே வரும். உங்க பக்கங்களை எப்படியும் தமிழில் எழுதலாம்.
3. தரவுத்தள விவரம் கேட்கும். பெயர்: சற்றுமுன் கொடுத்த 'குழு'. பயனர் பெயர்: 'ரூட்'. கடவுச்சொல்: வெறுமையாக விடுங்கள். ஹோஸ்ட்: 'லோக்கல்ஹோஸ்ட்'. கடைசிப் பெட்டியில் உள்ளதை மாற்ற வேண்டாம்.
4. பிறகு தளத்தின் தலைப்பு, உங்களுக்கான பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல். நிறுவலை முடித்து உள்நுழையுங்கள்.

'பேஜஸ்' பகுதியில் புதிய பக்கம் தொடங்கி, பொருட்களின் பெயர், எடை, விலை எழுதி, படம் சேர்த்து வெளியிடுங்கள். போனில் எப்படித் தெரியும் என்பதை, எழுதும் பக்கத்திலேயே 'பிரிவ்யூ' அழுத்தி 'மொபைல்' தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். படி 3 போலப் போனிலேயே திறக்க முயன்றால் ஓர் இடறல் வரும்: வேர்ட்பிரஸ் தன் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்றே நினைவில் வைத்திருப்பதால், போனையும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடும். அது பழுதில்லை.

படி 5: பதிவேட்டு அறைக்குள் ஒரு பார்வை

இந்தப் பாடத்திலேயே முக்கியமான ஐந்து நிமிடம் இதுதான். தவிர்க்காதீர்கள்.

பிஎச்பிமைஅட்மின் திரும்பப் போய், இடப்பக்கம் 'குழு'வைத் திறந்து, பெயர் 'போஸ்ட்ஸ்' என்று முடியும் அட்டவணையை அழுத்துங்கள். நீங்கள் எழுதிய கம்பு மாவும் மஞ்சள் தூளும் அப்படியே தமிழில் வரிசையாக இருக்கும். ஒரு தளத்தில் நாம் தட்டுவது எல்லாம் இப்படித்தான் ஓர் அட்டவணையில் போய் உட்கார்கிறது. தளத்தை நடத்துபவர் நினைத்தால் அதைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம், நகல் எடுக்கலாம்.

அடுத்து 'யூசர்ஸ்' என்று முடியும் அட்டவணையைத் திறங்கள். உங்க பயனர் பெயரும் மின்னஞ்சலும் தெளிவாகத் தெரியும். ஆனால் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத நீண்ட எழுத்துச் சரம் இருக்கும். கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்து வைத்திருக்கிறது. நல்ல தளம் ஒவ்வொன்றும் இதைத்தான் செய்யும். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று கேட்டால், நல்ல தளம் புதிய கடவுச்சொல் வைக்க வழி தரும். உங்க பழைய கடவுச்சொல்லையே ஒரு தளம் திருப்பி அனுப்புகிறது என்றால், அது திறந்த புத்தகமாக வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே கொடுத்த கடவுச்சொல்லை வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

இதிலிருந்தே இன்னொரு கடமையும் வருகிறது. சோதனைக்காகக் கூட அக்கம்பக்கத்தாரின் உண்மையான ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போன் எண் இவற்றை இதில் பதிய வேண்டாம். கற்பனைப் பெயர், கற்பனை எண் போதும். பிறர் விவரத்தைக் கணினியில் வாங்கி வைப்பவருக்கு அதைக் காக்கும் பொறுப்பும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்வதும் அதைத்தான்.

சிக்கல் வந்தால்?

• அப்பாச்சி பச்சையாகவில்லை: 80 அல்லது 443 என்ற வாசல் எண்ணை வேறு மென்பொருள் பிடித்திருக்கலாம். பலகையில் உள்ள 'நெட்ஸ்டாட்' பொத்தானை அழுத்தினால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும். அந்த மென்பொருளை மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள்.
• மைஎஸ்கியூஎல் தொடங்கவில்லை: 3306 வாசலைப் பாருங்கள். மின்வெட்டில் கணினி திடீரென அணைந்தாலும் தரவுத்தளக் கோப்புகள் கெடலாம். வேலை முடிந்ததும் இரண்டுக்கும் 'ஸ்டாப்' கொடுத்துவிட்டுத்தான் கணினியை அணைக்க வேண்டும்.
• '404': சர்வர் இருக்கிறது, நீங்கள் கேட்ட பக்கம் இல்லை. பெயரில் எழுத்துப்பிழை பாருங்கள்.
• '403': பக்கம் இருக்கிறது, உங்களுக்கு அனுமதி இல்லை. போனிலிருந்து பிஎச்பிமைஅட்மின் திறந்தால் இதுதான் வரும். பதிவேட்டு அறையை வெளியாட்களுக்குத் திறக்காத நல்ல பூட்டு அது. அப்படியே விடுங்கள்.
• தரவுத்தள இணைப்புப் பிழை: கவுண்டர் திறந்திருக்கிறது, பதிவேட்டு அறை மூடியிருக்கிறது. மைஎஸ்கியூஎல் ஓடுகிறதா, பெயர் சரியா என்று பாருங்கள்.

அடுத்த முறை அரசுத் தளத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால், எதற்காகக் காத்திருக்கிறோம் என்று உங்களுக்கே புரியும். புகார் செய்யும்போது அந்த எண்ணையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள், சரி செய்பவர்களுக்கு அது பெரிய உதவி.

காப்பு நகல் மறக்க வேண்டாம். பிஎச்பிமைஅட்மினில் 'குழு'வைத் திறந்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் விவரங்கள் ஒரே கோப்பாக வந்துவிடும். படங்கள் தரவுத்தளத்தில் இருக்காது, அதனால் வேர்ட்பிரஸ் ஃபோல்டரையும் சேர்த்து நகலெடுங்கள். இரண்டும் இருந்தால்தான் தளம் முழுமை.

இதையே உலகுக்குத் திறக்கலாமா?

கூடாது. சாம்ப் கற்றுக்கொள்வதற்கானது. அதில் தரவுத்தளத்தின் தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லை என்பதை நீங்களே பார்த்தீர்கள். ரூட்டரில் வழி திறந்து இதை வெளியே காட்டினால், வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவது போலத்தான். தளம் நன்றாக வந்து, மக்கள் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், ஒரு டொமைன் பெயர் பதிவு செய்து, பாதுகாப்புச் சான்றிதழுடன் கூடிய ஹோஸ்டிங் சேவையில் ஏற்ற வேண்டும்.

போலித் தளத்தை இனி எப்படிப் பார்ப்பீர்கள்?

இப்போ யோசித்துப் பாருங்கள். புரோகிராமிங் தெரியாத நீங்களே ஒரே மாலையில் தலைப்பு, படம், உள்நுழைவு எல்லாம் உள்ள தளத்தை உருவாக்கிவிட்டீர்கள். அரசுச் சின்னத்தையும் தலைவர்கள் படத்தையும் ஒட்டி, 'உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்' என்று ஒரு பக்கம் செய்ய மோசடிக்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதனால் பக்கம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து நம்பாதீர்கள். முகவரியைப் பாருங்கள்.

• முகவரியின் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பெயரை வலமிருந்து இடமாகப் படியுங்கள். அது 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா? இந்தப் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. தமிழக அரசின் பல தளங்களில் அதற்கு முன்னால் 'டிஎன்' என்றும் இருக்கும்.
• 'கவ்' என்ற சொல் முகவரியின் நடுவில் எங்கோ இருந்து, கடைசியில் 'டாட் காம்' என்று முடிந்தால் அது அரசுத் தளம் இல்லை.
• பூட்டுச் சின்னம் இருந்தால் மட்டும் போதாது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. மோசடித் தளமும் அந்தச் சான்றிதழை வாங்கலாம்.
• ஓடிபி, ஏடிஎம் பின் எண் இவற்றை எந்தப் படிவத்தில் தட்டும் முன்பும், அது ஏதோ ஓர் அட்டவணையில் ஒரு வரியாகப் போய் உட்காரப்போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.
• பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வீட்டுப்பாடம்

இந்த வாரம் இரண்டு வேலை. ஒன்று, உங்க தளத்தில் 'தொடர்புக்கு' என்று இரண்டாவது பக்கம் சேர்த்து, அது தரவுத்தளத்தில் எந்த வரியாகப் பதிவாகிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு, வீட்டில் ஒருவரை, அம்மாவோ தாத்தாவோ, பக்கத்தில் உட்கார வைத்து அந்த வரியைக் காட்டுங்கள். 'போனில் தட்டுவது இங்கேதான் போகிறது' என்று நூறு முறை சொல்வதைவிட, ஒரு முறை கண்ணால் பார்த்தால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.